இங்கிலீசில் மட்டும் சொன்ன பேர்

மாதர் சங்க மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூலையில் அடுக்கி வைத்திருந்த விதைநெல் மூட்டைகளின் வாசம் மூக்கில் ஏறியது. முன்னால் வெள்ளைப் பலகை. அதில் சிவப்பு மையால் ஒரு வீடு கீறியிருந்தது. வீட்டுக்கு முன்னால் ஒரு ஆண், ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். எங்களுக்குப் பின்னால், கடைசிக் கதிரையில், கல்லூரியிலிருந்து வந்த விரிவுரையாளர் அம்மா மடியில் கடதாசிகளோடு இருந்தார்.

தரணி ரீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டாள்.

"வட் இஸ் யுவர் ஹஸ்பன்ட்ஸ் நேம்?"

உங்கள் கணவரின் பேர் என்ன என்று அர்த்தம். எனக்குக் கேள்வி நன்றாக விளங்கியது. பதிலும் தெரியும். 'மை ஹஸ்பன்ட்ஸ் நேம் இஸ்' என்று தொடங்கிக் கடைசியில் பேரைப் போட வேண்டும். 'இஸ்' வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

தரணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் இருந்த புஷ்பத்திடம் கேட்டாள். புஷ்பம் எங்கள் பக்கத்து வளவுக்காரி. ஊரில் வாய்க்காரி என்று பேர் எடுத்தவள். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து லெட்சுமி. மலையகத்தில் பிறந்து கலவரக் காலத்தில் இந்தப் பக்கம் வந்த குடும்பம். அவளும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரைக் கேட்டும் பதில் இல்லை.

பின்னால் பேனை கடதாசியில் உரசுகிற சத்தம் கேட்டது. என்ன எழுதினாரோ தெரியாது. ஆனால் நல்லதாக இருக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

முன்னறைக்கு வந்த பிள்ளை

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில் கோழிகளின் கதையோடு நின்றுவிட்டேன். இந்த வாரம் தரணியின் கதை.

தரணி வவுனியாப் பிள்ளை. இங்கிலீசு ரீச்சர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படித்து முடிந்தபிறகு, கடைசி வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பித்துப் பழக வேண்டும் என்பது முறையாம். அவளுக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் கிடைத்தது. எங்கள் மகன்மார் வெளிநாடு போனபிறகு முன்னறை சும்மா கிடந்தபடியால் அதிபர் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்த அன்றே கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடித்து வைத்தாள். பிள்ளைகளின் அப்பா இடுப்பில் கட்டுகிற சாரத்தை மடித்திருந்த விதத்தைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். விளிம்போடு விளிம்பு பொருந்தி, புதுச்சாரம் போல இருந்தது.

"எங்க பிள்ளை இந்த மடிப்புப் பழகினனீ?" என்று கேட்டேன்.

"புடவைக்கடையில அம்மா. கல்லூரி கிடைக்க முதல் அங்கதான் நிண்டனான். சனம் பிரிச்சுப் பார்த்திட்டுப் போகும், நான் மடிப்பன். திரும்பப் பிரிப்பினம், திரும்ப மடிப்பன். கடை பூட்டேக்கை பார்த்தால் காலமை கிடந்த மாதிரியே எல்லாம் கிடக்கும். நான் அண்டைக்கு வேலை செய்ததோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கை மட்டும் அடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தது.

வகுப்பில் அவள் ரீச்சர். வீட்டில் பிள்ளை. அவளுக்கும் அது வசதியாக இருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து குசினி வாசலில் குந்தி, பலாக்கொட்டைக் கறியை விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிற நேரம் அவள் சின்னப்பிள்ளைதான்.

வாயைப் பற்றின ஆராய்ச்சி

அந்தப் படிப்புக்கு ஒரு ஆராய்ச்சியும் செய்ய வேண்டியிருந்தது. அவள் சொன்னபோது எனக்குப் புதினமாக இருந்தது.

"ஆராய்ச்சி எண்டால் கண்ணாடிக் குழாயள் வைச்சுச் செய்யிறதெல்லோ?" என்று கேட்டேன்.

"இது வாயைப் பற்றின ஆராய்ச்சி அம்மா. இங்கிலீசே படிக்காத பெரிய ஆக்களை ஒரு வகுப்பில இருத்தினால், அவை ஏன் வாய் திறக்கினமில்லை, என்ன செய்தால் திறப்பினம் எண்டு பார்க்கிறது. ஊர்ப் பொம்பிளையளைச் சேர்த்து ஒரு வகுப்பு வைக்கப்போறன்."

தாழ்வாரத்தில் தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தைக் கழற்றிப் போட்டு எண்ணெய்க் கையோடு இருந்தார் பிள்ளைகளின் அப்பா. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அப்ப இவவைக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. உன்ர ஆராய்ச்சிக்கு இவவைவிடத் திறமான ஆள் இந்த மாவட்டத்திலயே இல்லை."

அவர் பகிடிக்குச் சொன்னாலும் அது உண்மை. நான் நாலு பேர் இருக்கிற இடத்தில் கதைக்க மாட்டேன். கோயிலில் யாராவது சுகம் கேட்டால்கூடச் சிரித்துவிட்டு விலகிவிடுவேன். "எனக்கேலாது" என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன்.

தரணி பின்னால் வந்தாள். ஆட்கள் போதாமல் போனால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை என்றாள். பிறகு கெஞ்சாமல் அடுப்படியில் காய்ந்துகொண்டிருந்த பிடிதுணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"சரி. பின் கதிரையில இருப்பன். கேள்வி கேட்கக் கூடாது" என்றேன்.

அப்படித்தான் நான் இங்கிலீசு வகுப்புக்குப் போனேன்.

கேள்வியும் அவர், பதிலும் அவர்

பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீசு படிப்பித்த வாத்தியார் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும்.

நான் பிறந்தது உருத்திரபுரத்தில். குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பம் எங்களுடையது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிற்பாட்டிவிட்டார்கள். அம்மா வயலுக்குப் போக, தம்பிமாரைப் பார்க்க ஆள் வேண்டும். அதில் எனக்கு மனவருத்தம் இருந்ததோ என்று கேட்டால், அந்த நாளில் மனவருத்தப்பட வேண்டும் என்றே தெரியாது.

இங்கிலீசு வாத்தியார் வெள்ளை வேட்டியோடு சைக்கிளில் வருவார். உள்ளே வந்ததும் ஒரு கேள்வி கேட்பார். நாங்கள் மூச்சு விடமாட்டோம். அவரே பதிலையும் சொல்வார். பிறகு அடுத்த கேள்வி, அடுத்த பதில். கேள்வியும் அவர், பதிலும் அவர். நாங்கள் கூத்துப் பார்க்கிற சனம் போல வாய் பார்த்துக்கொண்டிருப்போம். மணி அடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போவார். பாவம், நல்ல களைப்பாக இருக்கும்.

இதைத் தரணிக்குச் சொன்னபோது அவள் துள்ளிக் குதித்தாள்.

"இதுதான் அம்மா! இதைத்தான் எங்களுக்கும் சொல்லித்தாறவை. கேள்வி கேட்டால் ரீச்சர் பொறுக்க வேணும். நாங்கள் பொறுக்கிறேல்லை. வகுப்பு அமைதியாகினால் பயந்துபோய் நாங்களே பதிலைச் சொல்லிப்போடுவம். பொறுக்கிறதுதான் கஷ்டமான பாடம்."

அவள் பொறுத்துப் பழகினதை நான் பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டு நிற்பாள். வாய் துடிக்கும். உடனே பலகை துடைக்கிற துணியைக் கையில் எடுத்து மடிக்கத் தொடங்குவாள். அது நாலாக மடிந்து, எட்டாக மடிந்து, உள்ளங்கைக்குள் போகிற அளவுக்கு வரும்போது எங்களில் யாராவது ஒருத்தி பதில் சொல்லிவிடுவாள்.

மற்றப்படி அந்த வகுப்பு ஒரே சிரிப்பு. பழைய துணியில் சுருட்டிய பந்து ஒன்று வைத்திருந்தாள். எறிகிறவர் கேட்க வேண்டும், பிடிக்கிறவர் சொல்ல வேண்டும். புஷ்பம் பந்தை எறிந்தால் மாங்காய் அடிக்கிற மாதிரி இருக்கும்.

"அடியே, இங்கிலீசு படிக்க வந்தனான், சாக வரேல்லை" என்று ஒரு நாள் நான் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மண்டபத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தரணி தமிழ் கதைக்கக் கூடாது என்று சொன்னவள்தான், ஆனால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கத்தரிக்காயை, சுளகை, மண்வெட்டியைக் கொண்டுவந்து வைத்துப் பேர் சொல்லித் தந்தாள். பிறகு பின்கதிரையிலிருந்து நடுக்கதிரைக்கு வந்தேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டேன்.

இஞ்சாருங்கோ

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வகுப்பைப் பார்க்கத்தான் விரிவுரையாளர் அம்மா வந்தார். அன்றைக்குக் குடும்பம் பற்றிய பாடம். தரணி தன்னுடைய பாடப் புத்தகத்தில் இருந்தபடியே கேள்விகளை எடுத்திருந்தாள். அந்தப் புத்தகம் எந்த ஊரில் செய்ததோ தெரியாது. அங்கே பெண்கள் கணவரின் பேரைச் சொல்வார்கள் போல.

வகுப்பு முடிந்து விரிவுரையாளர் அம்மா தரணியை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். அவர் போனபிறகு தரணி வீட்டுக்கு வந்து குசினி வாசலில் இருந்தாள். சோறு போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை.

"மாணவர் வாய் திறக்கேல்லை, அதால இந்தப் பாடத்துக்குச் சித்தி தரேலாது, பெயில்தான் எண்டிட்டா அம்மா. இன்னொருக்கா வருவா. அதுதான் கடைசி. அதிலயும் தவறினால் எனக்கு நியமனம் இல்லை."

"பிறகு என்ன செய்வாய் பிள்ளை?"

"என்ன செய்யிறது? புடவைக்கடைதான். முதலாளி இப்பவும் அம்மாவைக் கண்டால் கேட்கிறவராம், மகள் எப்ப வாறா எண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்ன பிழை விட்டனான் அம்மா? பொறுத்துத்தானே பார்த்தனான். உங்களுக்கு அந்தப் பாடம் விளங்கேல்லையோ?"

விளங்கியது பிள்ளை, நன்றாக விளங்கியது என்று சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அந்தக் காரணத்தைச் சொல்லவும் எனக்குக் கூச்சம். அடுப்பு நெருப்பைத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த என் அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, இவை உன்ர இங்கிலீசுக்குப் பயப்படேல்லை. என்ர பேருக்குத்தான் பயம்."

"உங்கட பேருக்கோ ஐயா?"

"ஓம். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இந்த வீட்டில என்ர பேர் விழேல்லை. கூப்பிடுறது எண்டால் 'இஞ்சாருங்கோ'. ஊரில என்ர வயசு ஆம்பிளையள் எல்லாருக்கும் அதுதான் பேர். வாய்க்கால்ல நிக்கேக்கை ஒரு மனிசி 'இஞ்சாருங்கோ' எண்டு கூப்பிட்டால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பம்."

தரணி அழுகையோடு சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உண்மையோ அம்மா? நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லையோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"பஸ்ஸில நடக்கிறதைச் சொல்லுமன்" என்றார் அவர்.

நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். எங்கள் ஊரின் பேரிலும் அவர் பேரின் முன்பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கிளிநொச்சியில் பஸ் ஏறினால் நான் ஊர்ப் பேர் சொல்லி ரிக்கற் எடுப்பதில்லை. பக்கத்து ஊரைச் சொல்லி, "அக்கராயனுக்கு அங்கால" என்பேன். புதிதாக வந்த கொண்டக்டர் ஒருவர், "அங்கால எண்டால் காடெல்லோ அம்மா, அங்க யாரிட்டப் போறியள்?" என்று கேட்டுவிட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடலாமோ என்று பார்த்தேன்.

ஏன் சொல்லக் கூடாது என்று தரணி கேட்டாள். பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லுவா. அதை நான் நம்பினேனோ என்று கேட்டால், சொல்லத் தெரியாது. ஆனால் சோதித்துப் பார்க்கிற காரியமா அது?

வரிசையில் மாற்றிக்கொண்ட பேர்கள்

அன்றைக்குத்தான் தரணிக்கு இன்னொரு கதையும் சொன்னேன்.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய் முகாமில் இருந்தோம். பதிவுக்குப் பெண்கள் எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் உத்தியோகத்தர் ஒவ்வொருத்தியிடமும் கணவரின் பேர் கேட்டார். முன்னால் நின்ற புஷ்பம் வாயை மூடிக்கொண்டாள். வாய்க்காரி புஷ்பம்! எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பின்னால் நின்று அவளுடையவரின் பேரை, "மாணிக்கம்" என்றேன். அடுத்தது என் முறை. புஷ்பம் திரும்பி நின்று என் அவருடைய பேரைச் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்றவர்களும் அப்படியே தொடங்கிவிட்டார்கள். ஒருத்தியின் கணவரை மற்றவள் சொல்லிச் சொல்லியே வரிசை நகர்ந்தது.

உத்தியோகத்தர் தலையில் கை வைத்தார். "உங்களுக்கு உங்கட மனிசன்மாரைத் தெரியாதோ?" என்று கேட்டார்.

அந்த வரிசையில் சில பெண்களின் கணவர்மார் எங்கே என்று தெரியாது. அவர்களின் பேரையும் பக்கத்தில் நின்றவள்தான் சொன்னாள். இன்னும் மெதுவாகச் சொன்னாள். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

தரணி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறிப்போன சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா! நீங்கள் புஷ்பமக்காவின்ர ஐயாவின்ர பேரைச் சொல்லுவீங்கள். அவ உங்கட ஐயாவின்ர பேரைச் சொல்லுவா. அப்படித்தானே?"

"அதுக்கென்ன?"

"அதுதான் அம்மா பாடம்!"

இரண்டாம் வருகை

மழை வந்து, வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிய காலம். விரிவுரையாளர் அம்மா சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். அதே கடைசிக் கதிரை. அதே கடதாசிகள்.

என் அவர் அன்றைக்கு என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். முடியும் வரைக்கும் வெளியே மருதமரத்தடியில் நிற்கிறேன் என்றார். யன்னலால் பார்த்தால் தெரிந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் அவருக்கும் பாடம் நடக்கிற மாதிரி நின்றார்.

தரணி இந்த முறை புத்தகக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்களைச் சோடி சோடியாக இருத்தினாள். ஒவ்வொருத்தியும் எழும்பித் தன் சோடியைச் சபைக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 'மை' என்று தொடங்கத் தேவையில்லை. 'ஹேர்' என்று தொடங்கலாம். அவளுடைய கணவரின் பேர் இன்னது என்று.

லெட்சுமிக்குச் சோடி புஷ்பம். புஷ்பம் எழும்பி, "ஹேர் ஹஸ்பன்ட்ஸ் நேம் இஸ் பெரியசாமி!" என்று மண்டபம் அதிரச் சொன்னாள். பிறகு தமிழில், "இதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்? என்ர வயலுக்கு வாற தண்ணியைத் திருப்பினதுக்கு எத்தனை தரம் அந்தாளைப் பேர் சொல்லி ஏசினனான்!" என்றாள்.

"ஏசுங்க, ஏசுங்க. இப்ப இங்கிலீசுலயும் ஏசலாம்" என்றாள் லெட்சுமி. எழும்பி நின்று, "ஹேர் ஹஸ்பன்ட்ஸ் நேம் இஸ் மாணிக்கம். ஹி இஸ் எ குட் மேன். ஷி ஷவுட்ஸ்!" என்று ஒரு போடு போட்டாள். தரணி சொல்லிக் கொடுக்காத வசனம் அது.

பின்னால் விரிவுரையாளர் அம்மாவும் சிரிப்பது கேட்டது. எங்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எனக்குச் சோடியாக வந்தவள் என் அவருடைய பேரைச் சொன்னாள். நானும் அவளுடையவரின் பேரைச் சொன்னேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது விரிவுரையாளர் அம்மா எழும்பி முன்னுக்கு வந்தார். ரீச்சரின் உதவி இல்லாமல் மாணவர் ஒருவர் புது ஆளோடு கதைக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு என்று தரணி முன்பே சொல்லியிருந்தாள். அவர் சுற்றிப் பார்த்தார். சத்தம் போடாமல் இருந்த ஆளைத் தேடியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் வந்து நின்றார்.

என் பேர் கேட்டார். சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னேன். என்ன விதைக்கிறீர்கள் என்று கேட்டார். நெல் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

பிறகு கேட்டார்.

"அண்ட் வட் இஸ் யுவர் ஹஸ்பன்ட்ஸ் நேம்?"

புஷ்பம் எனக்காகச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். விரிவுரையாளர் அம்மா கையைக் காட்டி அவளைத் தடுத்தார். "அவவே சொல்லட்டும்."

நான் தரணியைப் பார்த்தேன். அவள் நினைத்திருந்தால் முன்னுக்கு வந்து, எங்கள் வழக்கம் இது என்று விளக்கம் சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் உதவி செய்தால் அது பாடத்தில் சேராது. அவள் பொறுத்துக்கொண்டு நின்றாள். கையில் பலகைத் துணி. நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். விளிம்போடு விளிம்பு பொருந்த, கடையில் மடிக்கிற மாதிரி. இனி மடிக்க இடமில்லாத துணியை விரல்கள் இன்னும் மடிக்கப் பார்த்தன.

அந்த விரல்களை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவை அந்தக் கடைக்குத் திரும்பிப் போகக் கூடாது.

யன்னல் பக்கம் திரும்பினேன். அவர் மரத்தடியில் நல்ல சுகமாக நின்றார். பிள்ளையாரே, இது தமிழில்லை, இதைக் கணக்கில் எடுக்காதே என்று மனதுக்குள் சொன்னேன்.

"மை ஹஸ்பன்ட்ஸ் நேம் இஸ்" என்று தொடங்கினேன்.

அதற்குப் பிறகு அவருடைய பேரைச் சொன்னேன்.

இவ்வளவு சின்னப் பேரா என்று இருந்தது. அத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்தபோது அது பெரிய பேராக இருந்தது.

வெளியே சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. நெஞ்சு பதறிப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் இல்லை. சைக்கிள்தான் விழுந்திருந்தது. அவர் அதைத் தூக்க மறந்து யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹி இஸ் அவுட்சைட்" என்றேன். "ஹி ஹாஸ் எ பைசிக்கிள்."

முதலில் சிரித்தவள் லெட்சுமி. பிறகு மண்டபமே சிரித்தது. தரணி மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் துணியை உதறி விரித்து முகத்தில் பொத்திக்கொண்டாள். முகம் முழுக்கச் சிவப்பு மை.

விரிவுரையாளர் அம்மாவுக்கு எங்கள் சிரிப்பின் காரணம் விளங்கவில்லை. தரணி மெதுவாகச் சொன்னாள். பிறகு என் பக்கத்துக் கதிரையில் இருந்து, தமிழில் கதைத்தார்.

"எங்கட அம்மாவும் 'இஞ்சாருங்கோ' தான். நான் இங்கிலீசில கேட்கேக்கை அது என்ர நினைவுக்கே வரேல்லை, பாருங்கோ." என் கையைப் பிடித்தார். "நான் கஷ்டப்படுத்திப் போட்டன் என்ன?"

"பரவாயில்லை" என்றேன்.

கரியரில் வந்த வழி

திரும்பி வரும்போது நான் கரியரில் இருந்தேன். அவர் மிதித்துக்கொண்டு வந்தார். ரோட்டெல்லாம் மழைத்தண்ணி. வாய்க்கால் மதகு தாண்டினதும் கேட்டார்.

"உள்ளுக்க என்னவோ சொன்னனீர் போல?"

"அது இங்கிலீசு."

"எனக்கு இங்கிலீசு விளங்காதெல்லோ. ஒருக்காத் தமிழில சொல்லுமன், கேட்பம்."

"மாட்டன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வீடு வரைக்கும் மணி அடித்துக்கொண்டே வந்தார். ரோட்டில் ஒரு மாடுகூட இல்லை.

தரணிக்குச் சித்தி கிடைத்தது. அந்த வருடம் முடிந்து போகும்போது வீட்டில் இருந்த துணி எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டுப் போனாள். இப்போது முல்லைத்தீவுப் பக்கம், நாயாற்றுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுக்குக் கீழே இளம் ரீச்சர்மார் பழக வருகிறார்களாம். புத்தகத்துக் கேள்வியைக் கேட்க முதல், அந்தக் கேள்வியை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்வாளாம்.

என் அவர் அதற்குப் பிறகும் பல போகம் விதைத்து, அறுத்து, வயதுபோய்த்தான் கண்ணை மூடினார். அம்மா சொன்னது பலிக்கவில்லை. இல்லாவிட்டால் பிள்ளையார் இங்கிலீசைக் கணக்கில் எடுக்கவில்லை.

தரணி ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பாள். சுகம் கேட்பாள், மழை கேட்பாள், புஷ்பம் யாரை ஏசுகிறாள் என்று கேட்பாள். வைக்க முதல் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய இங்கிலீசுக் கேள்வியைக் கேட்பாள். கேட்டுவிட்டுப் பொறுப்பாள். நான் சொல்வேன். யாரும் இல்லாத வீட்டில், சத்தமாகவே சொல்வேன்.

இந்தத் தொடரைப் பார்க்கிற பத்திரிகைத் தம்பி, "எல்லாரின்ர பேரையும் எழுதிறியள் அம்மா, ஐயாவின்ர பேரை மட்டும் காணேல்லையே, அதையும் போடுங்கோவன்" என்று கேட்டார்.

எப்படித் தம்பி போடுகிறது? நான் இதைத் தமிழில் அல்லவா எழுதுகிறேன்.